முழுப்பணமும் போச்சு, முக்கால் வேலைதான் ஆச்சு

கட்டட வேலையில் வாரம் என்பது சனிக்கிழமைதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கொத்தனாரும் சித்தாளும் கை கால் கழுவிக்கொண்டு சைட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கான்ட்ராக்டர் வந்து கூலி கொடுத்தால்தான் வண்டி ஏறுவார்கள். அதற்குச் சற்று முன்னால், ஊரின் இன்னொரு மூலையில் பாத்ரூமை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்காரருக்கு போன் வரும். “சார், திங்கக்கிழமை மெட்டீரியல் இறக்கிடலாம். டைல்ஸ் ரேட் ஏறப்போவுதாம். ஒரு எண்பதாயிரம் இன்னிக்கே போட்டுவிட்டீங்கன்னா இந்த ரேட்டுக்கே புக் பண்ணிடுவேன்.”

ஜிபேயில் பணம் போகிறது. திங்கட்கிழமை மெட்டீரியல் வருவதில்லை. அந்த எண்பதாயிரம் சனிக்கிழமை இரவே வேறொரு வீட்டின் கூலியாகக் கரைந்திருக்கும்.

இதில் ஏமாற்றும் எண்ணம் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. சின்ன கான்ட்ராக்டர்கள் பலருக்கு வங்கியில் கடன் கிடைக்காது. ஹார்டுவேர் கடைக் கணக்கை வைத்துத்தான் பிழைப்பு. ஒரே சமயத்தில் நாலைந்து சைட் ஓடும். பழைய வீட்டுக்காரர் கடைசித் தவணையை இழுத்தடிப்பார், கடைக்காரர் பாக்கியைக் கேட்பார், கூலியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. புது வீட்டு அட்வான்ஸில்தான் மூன்றையும் சமாளித்தாக வேண்டும். ஆக, நீங்கள் கொடுத்த பணத்தில் முந்தைய வீட்டு வேலை முடிகிறது. உங்கள் வீட்டு வேலை முடிய இனி ஒருவர் அட்வான்ஸ் தர வேண்டும். அவர் மாட்டும் வரை உங்கள் பாத்ரூம் கதவில்லாமல் நிற்கும்.

கதவில்லாமல் நிற்பதாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் பணத்தைச் செலவழித்துவிட்ட கான்ட்ராக்டர், மிச்ச வேலையைக் கையில் இருக்கும் சொற்பத்தை வைத்து முடிக்கப் பார்ப்பார். நாலு மூட்டை போட வேண்டிய இடத்தில் ஒரு மூட்டை போடுவார். பத்து நாள் தண்ணீர் விட வேண்டிய பூச்சுக்கு இரண்டு நாள். மரைன் ப்ளைவுட்டுக்குப் பதில் கமர்ஷியல் ப்ளை. ‘வேலை சரியில்லை’ என்பதையும் ‘முன்னாலேயே பணம் கொடுத்துட்டேன்’ என்பதையும் நாம் இரண்டு புகார்களாகச் சொல்கிறோம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான்.

டைல்ஸின் முதுகு

நங்கநல்லூரில் என் சித்தி வீடு 1980களில் கட்டியது. ரிட்டயர்மென்ட் பணத்தில் இரண்டு பாத்ரூம், சமையலறை, மொட்டை மாடி என்று மொத்தமாக வேலை பேசினார் சித்தப்பா. ஒன்பது லட்சத்துக்குப் பேச்சு, ஆறு லட்சம் முதலிலேயே. “ஆவணியில பையனுக்குக் கல்யாணம், அதுக்குள்ள முடிச்சுக் கொடுத்துடுங்க” என்று சித்தி சொன்னார். அவசரம் யாருக்கு என்று கான்ட்ராக்டருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை கேட்டபோதெல்லாம் கொடுத்து, எட்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

மறு வருஷம் ஒரு விடிகாலையில் பாத்ரூம் சுவரிலிருந்து இரண்டுக்கு நாலு டைல்ஸ் ஒன்று விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. போய்ப் பார்த்தேன். உடையாமல் கிடந்த பெரிய துண்டைத் திருப்பினால், கம்பெனியில் வந்த கட்டம் போட்ட முதுகு அப்படியே பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டு சிமென்ட் அதில் பிடித்திருக்கவில்லை. சுவரில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து கை சிமென்ட் உருண்டை. உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். சித்தி அந்தத் துண்டை முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது ஒட்டவே இல்லையேடா?” என்றார்.

ஒட்டாது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் குடிக்காது. அந்தக் காலத்து செராமிக் டைல்ஸைத் தொட்டியில் ஊறப்போட்டு, சிமென்ட் பால் தடவி ஒட்டினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு அப்படி இல்லை. சுவரில் ஒட்ட டைல் அட்ஹெசிவ் வேண்டும், அதற்கென்றே ஐஎஸ் 15477 என்று இந்தியத் தரக்குறியீடு இருக்கிறது. பல் வைத்த கரணையால் சுவர் முழுக்க இழுத்துப் பூசி, டைல்ஸை அழுத்திப் பதிக்க வேண்டும். ஐந்து உருண்டை வைத்து ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், அட்ஹெசிவ் செலவும் மிச்சம். ஒட்டிய புதிதில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரு ரூபாய் நாணயம் போதும். டைல்ஸ் மேல் தட்டிக்கொண்டே போனால் கெட்டியாக ஒட்டிய இடத்தில் ‘டிக்’ என்றும், உள்ளே காலியாக இருக்கும் இடத்தில் ‘டொக்’ என்றும் கேட்கும். அன்றைக்கு அந்த பாத்ரூமில் டொக் சத்தம்தான் அதிகம்.

கான்ட்ராக்டர் போனை எடுத்தார். “அம்மா, அது டைல்ஸ் கம்பெனி ப்ராப்ளம்மா. நம்ம வேலைல குறையே இல்ல. ஆள் அனுப்புறேன்.” ஆள் வந்தார். விழுந்த இடத்தில் வேறு டைல்ஸை அதே ஐந்து உருண்டை வைத்து ஒட்டி, இடுக்கில் வெள்ளை சிமென்ட் தடவி, வண்டிச் செலவுக்கு ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மழைக்காலத்தில் மாடியும் ஒழுகியது. பழைய தட்டோடு வெடித்துக் கிடந்ததைப் பெயர்க்காமல், அதன் தலையிலேயே கெமிக்கல் அடித்திருந்தார்கள். ‘10 வருட கேரண்டி’ என்பது விசிட்டிங் கார்டில் மட்டும் இருந்தது.

டைல்ஸ் ஒட்டிய பையன்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஒடிஸாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து சதுர அடிக் கணக்கில் வேலை செய்கிறவர்கள். ஒரு நாளைக்கு எத்தனை அடி ஒட்டினார்கள் என்பதுதான் அவர்களுக்குச் சம்பளம். கொடுத்த மூட்டையை வைத்துத்தான் ஒட்ட முடியும். உங்கள் ஆறு லட்சத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அரசாங்கம் எப்படிக் கொடுக்கிறது?

இந்தியாவில் அதிகமாகக் கட்டட வேலை கொடுப்பது அரசாங்கம். அது அட்வான்ஸ் கொடுக்கும் விதத்தை வீட்டுக்காரர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைப்படி, வேலை தொடங்கத் தரும் முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் சும்மா இல்லை. கான்ட்ராக்டர் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும், வட்டியும் கட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்த பிறகும் குறை தெரிந்தால் சரிசெய்து தர வேண்டிய காலம் என்று ஒன்று உண்டு. மாடிக்கு வாட்டர் புரூஃபிங் செய்தவர் 10 வருடத்துக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவாதம் தர வேண்டும். அரசுக் கட்டடம் ஒழுகுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அது வேறு கதை. முன்பணம் என்பது கடன் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆறு லட்சம் கடன் கொடுத்துவிட்டு அதை ‘நம்பிக்கை’ என்கிறோம்.

பெரிய இன்டீரியர் நிறுவனத்திடம் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் அவர்களுடைய பணத் தவணையைப் படிக்க வேண்டும். புக்கிங்குக்குக் கொஞ்சம், டிசைன் முடிந்ததும் பாதி, ஃபேக்டரியிலிருந்து சாமான் கிளம்புமுன் மிச்சம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். வார்ட்ரோப் உங்கள் வீட்டுச் சுவரைத் தொடுவதற்கு முன்பே உங்கள் கையில் ஒரு ரூபாய் மிச்சமிருக்காது. கதவு இழுத்தால் உரசுகிறது என்று அப்புறம் சொன்னால் கஸ்டமர் கேர் உங்களுக்கு ஒரு டிக்கெட் நம்பர் தரும்.

இன்னொரு பொறியும் உண்டு. “பில் வேணாம்னா 18 பர்சென்ட் மிச்சம் சார்.” இந்த வேலைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதம் என்பதால், ஒன்பது லட்சத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். சபலம் யாருக்கும் வரும்தான். ஆனால் பில் இல்லை என்றால், வேலை பேசியதற்கே சாட்சி இல்லை என்று பொருள். நாளைக்கு வழக்கு என்று வந்தால், “இவங்க கொடுத்தது கைமாத்து” என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

இடிப்பதற்கு முன்னால்

வேலை கெட்டுப்போனது தெரிந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் காரியம், வேறொரு மேஸ்திரியைக் கூப்பிட்டு இடித்துவிட்டுப் புதிதாகச் செய்வது. ஒழுகும் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? நியாயம்தான். ஆனால் இடிபடுவது உங்கள் ஆதாரம். அதற்கு முன் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துக் காசு கொடுத்து அறிக்கை வாங்குங்கள். என்ன குறை, எதனால், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். போட்டோ, வீடியோ, விழுந்த டைல்ஸ், வெட்டிப் பார்த்த ப்ளைவுட் துண்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் ஒன்று இணைப்பார்கள். அதற்கு அசல் போன் கையில் இருப்பது நல்லது.

பிறகு கான்ட்ராக்டருக்குக் கடிதம். போனில் கத்துவது கணக்கில் வராது. இன்னின்ன குறை, இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துச் செய்து செலவை உங்களிடம் கேட்போம் என்று எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். நிறுவனம் என்றால் சில சமயம் இதிலேயே மசியும். தனி மேஸ்திரி மசிவது கஷ்டம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டுவதும் ‘சேவை’தான் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் சொல்லிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு சரியாகச் செய்யாத வேலை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கட்டணத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஐந்து லட்சம் வரை ஒன்றும் கிடையாது, பத்து லட்சம் வரை 200 ரூபாய். சித்தப்பாவுக்கு 200 ரூபாய்தான் ஆனது. வக்கீல் கட்டாயமில்லை. கான்ட்ராக்டர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். குறை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். ‘ஆள் அனுப்புறேன்’ என்பதை நம்பிக் காத்திருக்கும் காலமும் அந்த இரண்டு வருடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் மட்டுமே’ என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு வரி இருப்பதால் மட்டும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்று சொல்லிவிட்டது. கடைக்கோ ஆபீசுக்கோ இன்டீரியர் செய்தவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். வணிக நோக்கம் என்று மனு தள்ளுபடி ஆகலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் கடை என்றால் அதற்கு விலக்கு உண்டு.

எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா மேல் வாய்தாவாக அதைத் தாண்டி இழுப்பதுதான் நடைமுறை. ஆனால் தீர்ப்புக்குப் பல் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குப் போகிறவர், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை விதிக்கவும் இடமிருக்கிறது.

ரெராவில் போடலாமே என்று கேட்பவர்கள் நிறைய. அந்தச் சட்டம் வீடு கட்டி விற்கும் பில்டருக்கானது. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நீங்கள் தனியாகக் கூப்பிட்டுச் செய்த ரெனோவேஷன் அதில் வராது. இதில் ஒரு சிக்கல் உண்டு. புது ஃபிளாட்டில் குடிபோனதும் பாத்ரூமை இடித்து மாற்றியிருந்தால், அப்புறம் எந்த ஒழுகலுக்கும் பில்டர் உங்கள் இன்டீரியர்காரரைக் கை காட்டுவார், இன்டீரியர்காரர் பில்டரைக் காட்டுவார்.

போலீஸுக்குப் போனால் “இது சிவில் மேட்டர் சார்” என்பார்கள். பாதி நேரம் அது தட்டிக்கழிப்பு, பாதி நேரம் உண்மை. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். பேசியபடி செய்யவில்லை என்பது மட்டும் போதாது. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஒரு செங்கல்கூட இறக்காமல் போனை அணைத்துவிட்டார், இதே மாதிரி இன்னும் நாலு வீட்டில் வாங்கியிருக்கிறார் என்றால் விஷயம் வேறு. அப்போது புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே ‘நான் முடிச்சுத் தரேன்’ என்று வருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். அவருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருக்கும்.

பத்து சதவிகிதம் யாரிடம்?

கான்ட்ராக்டர்களைக் கேட்டால் இந்தக் கதைக்கு மறுபக்கம் சொல்வார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு “இந்தக் கலர் வேண்டாம்” என்னும் வீட்டுக்காரர்கள் உண்டு. பேச்சில் இல்லாத ஷெல்ஃபையும் கொடிக்கம்பியையும் ‘அப்படியே போட்டுடுங்க மேஸ்திரி’ என்று வாங்கிக்கொண்டு, எக்ஸ்ட்ரா என்றதும் முகம் மாறுபவர்கள் உண்டு. கடைசித் தவணையை எதாவது குறை சொல்லி மொத்தமாக விழுங்குபவர்களும் உண்டு. அவர்கள் நிறுத்திவைத்த பணத்தைத்தான் கான்ட்ராக்டர் உங்கள் அட்வான்ஸில் ஈடுகட்டுகிறார்.

அதனால் பணத்தை நாளுக்குக் கட்டாமல் வேலைக்குக் கட்ட வேண்டும், அதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ‘பாத்ரூம் வேலை முடிந்ததும் ஒரு லட்சம்’ என்று எழுதினால் ‘முடிந்தது’ என்பதற்கு இருவருக்கும் இரண்டு அர்த்தம். ‘டைல்ஸுக்குக் கீழே வாட்டர் புரூஃபிங் செய்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்த்தளத்தில் ஈரம் இறங்காவிட்டால் 60,000. தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எங்கும் தேங்காமல் வாட்டம் பிடித்துப் போய்விட்டால் 40,000’ என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை. எக்ஸ்ட்ரா வேலை வந்தால் அன்றன்றைக்கே வாட்ஸ்அப்பில் தொகையோடு ஒரு வரி. அது இரண்டு பேருக்கும் காவல்.

முடிந்தால் பொருளை நீங்களே வாங்குங்கள், கூலியை மட்டும் பேசுங்கள். அலைச்சல்தான். ஆனால் டைல்ஸுக்கும் அட்ஹெசிவுக்கும் கடைக்காரர் பில் உங்கள் பேரில் இருக்கும், பணம் இன்னொரு சைட்டுக்குப் போகாது. ப்ளைவுட்டை அறுப்பதற்கு முன் ஒவ்வொரு ஷீட்டிலும் இருக்கும் முத்திரையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க்குக்குக் கீழேயும் பாத்ரூம் பக்கமும் ஐஎஸ் 710 என்று இருக்க வேண்டும், கார்ப்பென்டர்கள் ‘செவன் டென்’ என்று சொல்வது அதைத்தான். மைக்கா ஒட்டிய பிறகு எல்லா ப்ளைவுட்டும் செவன் டென்தான். சிமென்ட் மூட்டையில் பிபிசி என்று போட்டிருந்தால், கான்கிரீட்டுக்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் விட வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. தண்ணீர் விடும் வேலையைக் கான்ட்ராக்டரை நம்பி விடாதீர்கள். காலையும் மாலையும் வாளியைத் தூக்கிக்கொண்டு நீங்களே போங்கள்.

மாடி வேலைக்குத் தனிக் கணக்கு வேண்டும். மே மாதம் கெமிக்கல் அடித்துவிட்டு ஜூனில் முழுப்பணமும் வாங்குகிறவர், தன் வேலை மேல் மழை விழுந்து பார்த்திருக்க மாட்டார். நம் ஊரில் மாடிக்குப் பரீட்சை வடகிழக்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். கடைசி 10 சதவிகிதத்துக்கு எதிரே டிசம்பர் 31 என்று தேதி போட்டு, ஒழுகவில்லை என்றால் அன்றைக்கே கொடுப்பேன் என்றும் எழுதிவிடுங்கள். சிலர் முடியாது என்று எழுந்து போவார்கள், போகட்டும். ஒப்புக்கொள்கிறவர் சதுர அடிக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கேட்பார். பேரம் பேசாமல் கொடுக்கலாம்.